ஒரு ஜெனரலின் ரிப்பன்களைப் படிப்பது எப்படி

வெலிங்டன் கடைவீதியில் 1983-லிருந்து யூனிஃபார்ம் தைக்கிறேன். ஒரு பக்கம் ராணுவ அதிகாரிகள் படிக்கும் ஸ்டாஃப் காலேஜ், இன்னொரு பக்கம் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டர், அதனால் ரிப்பன் வேலைக்கு, அதாவது மெடலுக்கு அடையாளமாக மார்பில் தைக்கும் வண்ணப் பட்டை வேலைக்கு, குறைவே இல்லை. டிசம்பர் பிறந்தால் பள்ளிப் பிள்ளைகளும் கடைக்கு வந்துவிடுவார்கள். டிசம்பர் 16 விஜய் திவஸுக்கு, அதாவது 1971 போரில் பாகிஸ்தானை வென்ற நாளுக்கு, பேச்சுப்போட்டி இருக்கும். அந்தப் போரில் நம் ராணுவத்துக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர் மானெக்‌ஷா. “மானெக்‌ஷா பத்திச் சொல்லுங்க தாத்தா” என்பார்கள். பிறந்த தேதி, பதவி, விருது என்று ஒப்பிக்கிற பேச்சு யாருக்கும் மனதில் தங்காது. அதனால் முதலில் அவருடைய படம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்வேன். படத்தைப் படிக்கத் தெரிந்தால் அந்த மனிதரின் வாழ்க்கையைப் பாதி படித்த மாதிரிதான். அதை எப்படிப் படிப்பது என்று இங்கே எழுதுகிறேன்.

படம் கலரில் இருக்கட்டும். 1973 ஜனவரிக்குப் பிறகு எடுத்ததாக, முழு யூனிஃபார்மில், மார்பு நேராகத் தெரிவதாக இருக்கட்டும். அந்த மாதம்தான் அவர் ராணுவத்தின் மிக உயர்ந்த பதவியான ஃபீல்டு மார்ஷல் ஆனார். நம் நாட்டில் இதுவரை இரண்டே பேர் அந்தப் பதவிக்கு வந்திருக்கிறார்கள். முதலில் இவர், 1986-ல் கரியப்பா.

தோள்பட்டையில் தொடங்குங்கள். லெஃப்டினன்ட் என்றால் இரண்டு நட்சத்திரம், கேப்டன் என்றால் மூன்று, மேஜர் என்றால் சிங்க முத்திரை. வாளும் கோலும் குறுக்கே போட்டிருந்தால் ஜெனரல் வரிசைக்கு வந்துவிட்டார் என்று பொருள். மானெக்‌ஷாவின் தோளில் அவற்றைச் சுற்றித் தாமரை வளையமும் இருக்கும். வளையத்துக்குள் கோலும் வாளும் குறுக்காக, மேலே சிங்க முத்திரை. அடுத்து காலரைப் பாருங்கள், சிவப்புப் பட்டையில் ஐந்து நட்சத்திரம். தலையில் ஒருபக்கம் சாய்ந்த கூர்க்கா தொப்பி இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி மார்பு. ரிப்பன்கள் அவருடைய இடது மார்பில் இருக்கும். மதிப்பில் பெரியது மேல்வரிசையில், சட்டைப் பட்டன் பக்கமாக, அதாவது பார்க்கிற நமக்கு இடது ஓரத்தில் இருக்கும். அங்கிருந்து தமிழ் எழுத்தைப் படிப்பதுபோல இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாகப் போக வேண்டும். முழுக்க இளஞ்சிவப்பாக ஒன்று இருக்கும், அது பத்ம விபூஷண், 1972-ல் கொடுத்தது. அதே இளஞ்சிவப்பில் நடுவே அகலமாக வெள்ளைக் கோடு போட்டது பத்ம பூஷண், 1968. அப்போது அவர் கல்கத்தாவில் கிழக்குப் படைப்பிரிவின் தளபதி. காவி, வெள்ளை, பச்சை மூன்றும் சம அகலத்தில் இருந்தால் 1947 சுதந்திர மெடல். 9 வருஷம், 20 வருஷம் பணி செய்ததற்கான ரிப்பன்களும் இருக்கும். நம் ஊர் ஹவில்தார் மார்பிலும் அவை உண்டு. பேச்சில் அவற்றுக்கு ஒரு வரி போதும்.

மேலிருந்து கீழே வாசிப்பது அரசாங்கம் போட்ட வரிசை. உங்கள் பேச்சை எழுதும்போது கீழிருந்து மேலே போங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது என் தப்புதான். கடை போட்ட புதிதில், குன்னூரில் குடியிருந்த ஒரு வயதான அதிகாரி கோட்டு கொண்டுவந்தார். அவரிடம் மிலிட்டரி கிராஸ் இருந்தது. வெள்ளை, ஊதா, வெள்ளை, மூன்றும் சமம். எதிரியின் முன்னால் நின்று வாங்கிய மெடலாயிற்றே என்று அதைத்தான் முதலில் வைத்துத் தைத்தேன். கோட்டை வாங்கிப் பார்த்தவர் கோபப்படவில்லை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பிரிக்கச் சொன்னார். சுதந்திர இந்தியா கொடுத்தது எல்லாம் முன்னால், வெள்ளைக்காரன் காலத்தில் வாங்கியது பின்னால், அதுதான் விதி என்று நான் தையல் பிரித்து முடிக்கும்வரை பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ரிப்பனின் இடத்தை முடிவு செய்வது விதி. அதை வாங்க ஒரு மனிதன் எவ்வளவு ரத்தம் கொடுத்தான் என்பது அந்த இடத்தில் தெரியாது.

மானெக்‌ஷாவுக்கும் இதே கதைதான். பத்ம விருதுகளைத் தாண்டிக் கீழே வாருங்கள், அந்த வெள்ளை ஊதா வெள்ளை இருக்கும். அவர் 1914 ஏப்ரல் 3 அன்று அமிர்தசரஸில் ஒரு பார்சி டாக்டர் வீட்டில் பிறந்தவர். 1932-ல் டேராடூன் மிலிட்டரி அகாடமி திறந்தபோது சேர்ந்த முதல் 40 பேரில் ஒருவர். பத்து வருஷம் கழித்து, 1942 பிப்ரவரி 22, பர்மாவில் சிட்டாங் ஆற்றங்கரை. ஜப்பான்காரர்கள் பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். தன் கம்பெனிச் சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு பகோடா குன்றை மீட்கப் போன கேப்டன் மானெக்‌ஷாவின் வயிற்றில் மெஷின்கன் குண்டுகள் பாய்ந்தன. பிழைக்கமாட்டார் என்று தெரிந்தது. அந்தக் காலத்தில் இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் கொடுக்கமாட்டார்கள். மேலதிகாரி டேவிட் கோவன் தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனைக் கழற்றி, கீழே கிடந்தவர் சட்டையில் குத்திவிட்டார்.

இந்த இடத்தில் பிள்ளைகளை நிறுத்துவேன். டப்பாவிலிருந்து அந்த ரிப்பனில் ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் வைப்பேன். 32 மில்லிமீட்டர் அகலம், எடையே தெரியாது. ஒரு மனிதர் சாகப்போகிறவர் என்று நினைத்து இன்னொருவர் மார்பில் இதைக் குத்தினார் என்று சொல்வேன். சளசளவென்று பேசிக்கொண்டிருக்கும் பிள்ளையும் அமைதியாகிவிடும். பிறகு மீதியைச் சொல்வேன். அவருடைய ஆர்டர்லி அவரைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார். என்ன ஆச்சு என்று டாக்டர் கேட்க, கோவேறு கழுதை உதைத்துவிட்டது என்றாராம் மானெக்‌ஷா. அந்த நிலையிலும் இப்படிப் பேசுகிறவரை விடக்கூடாது என்று டாக்டர் கத்தியைக் கையில் எடுத்தார். பேச்சை இங்கே தொடங்குங்கள். பிறந்த தேதியெல்லாம் பிறகு வரட்டும்.

அடுத்த வேலை கொஞ்சம் கஷ்டம். படத்தில் எது இல்லை என்று பார்க்க வேண்டும். அவர் முதலில் சேர்ந்த ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட் 1947 பிரிவினையில் பாகிஸ்தான் பங்குக்குப் போய்விட்டது. தன் ஆட்களோடு சண்டை போட்டு வளர்ந்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும்? அதற்கு ரிப்பன் கிடையாது. அதன்பிறகு 8-வது கூர்க்கா ரைஃபிள்ஸ் அவருடைய குடும்பமானது. ‘சாம் பகதூர்’ என்று பெயர் வைத்ததும் கூர்க்காக்கள்தான். அந்தச் சாய்ந்த தொப்பியைக் குறித்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

எங்கள் ஊர் ஸ்டாஃப் காலேஜுக்கு அவர் தலைவராக இருந்த நாட்களில் அவர்மேல் விசாரணை வைத்தார்கள். குற்றமில்லை என்று முடிந்தது. 1962-ல் சீனப் போரில் அடிவாங்கி மனம் உடைந்திருந்த படையை எடுத்து நடத்த அவரைத்தான் தேஜ்பூருக்கு அனுப்பினார்கள். எழுத்துமூலம் உத்தரவு இல்லாமல் யாரும் பின்வாங்கக்கூடாது, அந்த உத்தரவு ஒருநாளும் வராது என்று போனவுடனே சொல்லிவிட்டார்.

எல்லாவற்றிலும் பெரியது 1971 ஏப்ரல். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் வந்து குவிகிறார்கள். உடனே படையை நடத்துங்கள் என்று பிரதமர் இந்திரா காந்தி எதிர்பார்க்கிறார். தலைமைத் தளபதி மானெக்‌ஷா முடியாது என்கிறார். மழைக்காலம் வருகிறது, ஆறுகள் கடலாகிவிடும். வடக்கே பனி உருகிக் கணவாய்கள் திறந்தால் சீனா பக்கமும் பார்க்க வேண்டும். படை இன்னும் தயாராகவில்லை. வேண்டுமானால் ராஜினாமா தருகிறேன் என்றும் சொன்னார். பிரதமர் அவர் கேட்ட அவகாசத்தைக் கொடுத்தார். டிசம்பர் 3-ல் தொடங்கிய போர் 16-ல் டாக்காவில் முடிந்தது. சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள். வென்றதற்குப் பத்ம விபூஷண் வந்தது. ‘இப்போது முடியாது’ என்று சொன்ன அந்த ஏப்ரல் நாளுக்கு எந்த ரிப்பனும் இல்லை. என்னைக் கேட்டால் வெள்ளை ஊதா வெள்ளைக்குப் பக்கத்தில் அதைத்தான் தைப்பேன். சிட்டாங்கில் அவர் உயிர் ஒன்று. இங்கே முடிவு தப்பியிருந்தால் போவது ஆயிரக்கணக்கான வீட்டுப் பிள்ளைகள்.

ஓய்வுக்குப் பிறகு குன்னூரில் குடியேறினார். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் மிலிட்டரி ஆஸ்பத்திரியில், 94 வயதில் காலமானார். அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு ரோட்டோரம் நின்றேன். ஊட்டி பார்சி கல்லறையில் மனைவி சில்லூவின் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

இந்தப் படிப்பை ஜெனரல்களோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் யூனிஃபார்ம் போட்ட தாத்தா படம் ஒன்று இருக்கலாம். கருப்பு வெள்ளைப் படத்தில் நிறத்தை நம்பாதீர்கள், கோட்டின் அகலத்தை நம்புங்கள். மூன்று கோடும் சமமென்றால் இரண்டாம் உலகப் போருக்குக் கொடுத்த 1939-45 ஸ்டார் மெடலாக இருக்கலாம். கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம், அதாவது கடற்படை, தரைப்படை, விமானப்படை. தைக்கும்போது கருநீலம் பட்டன் பக்கம் வர வேண்டும். திருப்பித் தைத்த கோட்டு நிறையப் பார்த்திருக்கிறேன். கருநீலத்தில் நடுவே அகலச் சிவப்பும் இரண்டு பக்கமும் ஆரஞ்சுக் கோடும் இருந்தால் பர்மா ஸ்டார், பர்மா போர்முனைக்குக் கொடுத்த மெடல். உங்கள் தாத்தாவும் அந்தக் காட்டில் இருந்திருக்கிறார்.

பெட்டியில் மெடலே கிடைத்தால் ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். நம் நாடு கொடுத்த மெடல்களின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள், அந்த எழுத்துதான் முதலில் அழியும். மெல்லிய பருத்தித் துணியால் துடைத்து, நம்பரை ஒரு நோட்டில் எழுதிவிட்டு, பழைய ரிப்பனோடேயே மடித்து வையுங்கள்.