வோல்டேஜும் கரண்டும் தெரிந்தும் கணக்கு தப்புவது எங்கே?

போன வாரம், வேலை பழக வந்த பையன் ஒருவன் ஹீட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றான். "அண்ணே, இது போயிடுச்சு. 2.4 ஓம் இருக்கணும், கணக்குப் போட்டா 3 வருது." எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. பல வருடங்களுக்கு முன் இதே பேச்சை, கிட்டத்தட்ட இதே எண்களோடு, நானும் பேசியிருக்கிறேன்.

வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் வாட். வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்குவது, மில்லி ஆம்பியரை ஆம்பியராக மாற்ற மறப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். விடை ஒருமுறை ஆயிரம் மடங்கு எகிறினால் அவை தானாகத் திருந்திவிடும். விடை நம்பும்படி இருந்துகொண்டே காலை வாரும் இடங்கள்தான் ஆபத்து.

எந்த இரண்டு முனைக்கு நடுவில் அளந்த வோல்டேஜ்?

நான் மாட்டிக்கொண்டது முட்டை பொரிக்கும் ஓர் இன்குபேட்டரில். 12 வோல்ட், 60 வாட் ஹீட்டர். உள்ளே 37.5 டிகிரி நிற்க வேண்டும். 35-ஐத் தாண்டவே இல்லை. மீட்டரைத் தொடரில் போட்டேன்: 4 ஆம்பியர். 60 ÷ 12 = 5 வந்திருக்க வேண்டும். சப்ளையில் 12 வோல்ட் சுத்தமாக இருக்கிறது. 12 ÷ 4 = 3 ஓம். ஹீட்டரோ 12 ÷ 5 = 2.4 ஓம் இருக்க வேண்டியது. கம்பி தேய்ந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதிப் புதியது வாங்கிப் போட்டேன். அதிலும் 4 ஆம்பியர். விற்றவர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரோடு மல்லுக்கு நின்று இன்னொன்று மாற்றினேன். அதிலும் 4. மூன்று ஹீட்டர்கள் எப்படி ஒரே அளவுக்குக் கெட்டுப்போகும் என்று யோசிக்கும் புத்தி, பிளாஸ்டிக் கருகும் வாசனை வந்த பிறகுதான் வந்தது. அதற்குள் ஒரு தட்டு முட்டை வீண்.

அப்புறம்தான் மீட்டர் முனைகளை ஹீட்டரின் இரண்டு முனைகளிலேயே வைத்துப் பார்த்தேன். 9.6 வோல்ட். 9.6 ÷ 4 = 2.4. ஹீட்டர் முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. மீதி 2.4 வோல்ட்டைத் தேடினேன். வயரில் 0.4, ஒரே ஒரு ஸ்க்ரூ டெர்மினலில் 2. நான் சரியாக முறுக்காமல் விட்ட திருகு. 2 × 4 = 8 வாட் சூடு, சுண்டுவிரல் நகமளவு இடத்தில். கருகாமல் என்ன செய்யும்?

நான் கணக்கிட்ட 3 ஓமும் பொய்யில்லை என்பதுதான் இதில் வயிற்றெரிச்சல். ஹீட்டர், வயர், அந்தத் திருகு எல்லாம் சேர்ந்த தடை அது. 12 × 4 = 48 வாட் என்பதும் உண்மை; சப்ளை அவ்வளவு கொடுத்தது. ஹீட்டருக்குப் போய்ச் சேர்ந்தது 38.4 தான். எதன் தடை வேண்டுமோ, அதன் இரு முனைகளில், கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது அளந்த வோல்டேஜைத்தான் வகுக்க வேண்டும். சப்ளையின் ஸ்டிக்கரில் அச்சடித்த 12-ஐ வைத்து ஹீட்டருக்குச் சாதகம் பார்க்க முடியாது.

இதைச் சொன்னதும் பையன் நல்ல கேள்வி ஒன்று கேட்டான். "வோல்டேஜோட வர்க்கத்தைத் தடையால வகுத்தாதானே வாட்? அப்போ லூஸ் திருகுல தடை கூடினா சூடு குறையணுமே?" கரண்டின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினாலும் அதே வாட்தான், அப்படி எழுதினால் தடை கூடச் சூடும் கூடும். இரண்டும் சரி. எது அசையாமல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஹீட்டரை நேராகச் சப்ளையில் போட்டால் வோல்டேஜ் நிற்கிறது. அங்கே தடை குறைந்தால் சூடு ஏறும். திருகு ஹீட்டரோடு தொடரில் இருக்கிறது. கரண்டைப் பெரும்பாலும் ஹீட்டர்தான் தீர்மானிக்கிறது. அதனால் திருகில் தடை ஏற ஏறச் சூடு ஏறும், சூட்டில் உலோகம் கறுத்துத் தடை இன்னும் ஏறும். மிச்சத்தை மூக்கு சொல்லிவிடும்.

ஓம் சரி, வாட் எங்கே?

24 வோல்ட்டில் ஓர் எல்இடி. அதற்கு 2 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் போதும். மீதி 22 வோல்ட்டைத் தொடரில் ஒரு ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ள வேண்டும்: 22 ÷ 0.02 = 1100 ஓம். அத்தோடு பேனாவை மூடிவிட்டுக் கால் வாட் சூடு மட்டும் தாங்கும் ரெசிஸ்டரைப் பற்றவைத்துவிடுவார்கள். 22 × 0.02 = 0.44 வாட். கால் வாட் கருகும்; அரை வாட்கூடத் தொட்டால் சுடும். நான் 1 வாட் போடுவேன்.

அணைந்த பல்பை அளப்பது

230 வோல்ட், 100 வாட் இழை பல்பு எரியும்போது அதன் தடை 529 ஓம். கழற்றி மீட்டரில் வைத்தால் 40 ஓமுக்குப் பக்கத்தில் காட்டும். அந்த 40-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 1300 வாட்டுக்கு மேல் போகும். மீட்டர் மேல் பழியில்லை. டங்ஸ்டன் சூடேறினால் தடை பத்து மடங்குக்கு மேல் உயரும். இழை பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும் கணத்தில் உயிரை விடுவதும் இதனால்தான்.

மோட்டாரில் பெருக்கி வாட் என்பது

230 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும் மோட்டார்: 230 × 2 = 460 வோல்ட்-ஆம்பியர், வாட் இல்லை. அதில் எவ்வளவு பங்கு உண்மையான வாட் என்று சொல்லும் பவர் ஃபேக்டர் 0.7 என்றால் வாட் 322 தான். அதேபோல் 230 ÷ 2 = 115 என்பது சுற்றுக்கம்பியின் தடையும் இல்லை.

பாதி வோல்டேஜ், பாதி வாட்

இல்லை, கால்பங்கு. 2000 வாட் ஹீட்டர் 500 வாட் ஆகிவிடும்.

சப்ளை இருக்கும்போது ஓம் அளப்பது

கூடாது. சப்ளையை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் (மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) மிச்சம் இருப்பதும் சப்ளைதான்.