முதல் தடவை நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய நிறுவனத்துக்கு ஆள் எடுக்கும்போது, கேள்வி கேட்கும் பக்கத்தில் நான் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் சின்னச் சின்ன விடயங்களில் வேலையைத் தவறவிட்டதைப் பார்த்த கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

படி 1: பெயரை ஒப்பிடுங்கள்

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆங்கிலத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். தர்சினி என்ற பெயரில் ஒரு தாளில் ‘எஸ்’ மட்டும் இருக்கும், இன்னொன்றில் ‘எஸ்எச்’ இருக்கும். ஒன்றில் தகப்பன் பெயர் முழுதாக, மற்றதில் முதலெழுத்து மட்டும். அப்படி வித்தியாசம் இருந்தால், இரண்டும் ஒரே ஆளின் பெயர்தான் என்று சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வைத்திருங்கள். நேர்முகத் தேர்வுக்கு முதல் நாள் பின்னேரம் இதற்காக ஓடித் திரிய வேண்டாம்.

படி 2: சுயவிபரக்கோவையை நீங்களே வாசியுங்கள்

கூட்டாளியின் கோவையில் பெயரை மட்டும் மாற்றி அடித்தால் அகப்படுவீர்கள். பொழுதுபோக்கு வாசிப்பு என்று போட்டிருந்த ஒரு தங்கச்சியிடம் கடைசியாக என்ன வாசித்தீர்கள் என்று கேட்டோம். பாவம், கண் கலங்கிவிட்டது.

படி 3: வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்

இதுதான் மிக முக்கியம். மனதுக்குள் வடிவாக வரும் பதில் மேசைக்கு முன்னால் வராது. “உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ” என்றால் ஊரையும் பள்ளிக்கூடத்தையும் சொல்லிவிட்டு எங்கள் பிள்ளைகள் நிறுத்திவிடுகிறார்கள். கணக்கு வேலைக்கு வந்த ஒரு தம்பி அப்படித்தான் நிறுத்தினார். அனுபவம் இருக்கிறதா என்றேன். “இல்லை சேர்” என்றார். எழும்பிப் போகிற நேரத்தில்தான், மாமாவின் இரும்புக் கடையில் மூன்று வருடம் கடன் கொப்பி எழுதியதும், சாமான் இருப்புப் பார்த்ததும் தெரிய வந்தது. அது அனுபவம் இல்லாமல் வேறென்ன? சம்பளம் வாங்காமல் செய்த வேலையையும் சொல்லுங்கள். அது பெருமை அடிப்பது ஆகாது.

போனில் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. கொழும்பில் தலைமை அலுவலகம் உள்ள நிறுவனம் என்றால் சிங்களத்தில் மூன்று வசனமாவது பாடமாக்குங்கள்.

படி 4: போகிற நாள்

மினுக்கிய உடுப்பு, துடைத்த சப்பாத்து, சரி. அரை மணித்தியாலம் முன்னதாகவே போய்விடுங்கள். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றிய வீதிகளை மூடிவிடுவார்கள், அதையும் கணக்கில் எடுங்கள்.

படி 5: சம்பளக் கேள்வி

“நீங்கள் தாறதைத் தாங்கோ” என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே வேலைக்கு வேறு இடங்களில் என்ன கொடுக்கிறார்கள் என்று முன்னரே விசாரித்து, ஒரு தொகையைச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் தொகை ஊழியர் சேமலாப நிதி (ஓய்வுக் காலத்துக்கென்று நீங்களும் நிறுவனமும் மாதாமாதம் போடும் சேமிப்பு) கழிக்க முன்னரா, பின்னரா என்று கேளுங்கள். உங்கள் பங்கு 8 சதவீதம், அவர்கள் பங்கு 12 சதவீதம். 50,000 ரூபா என்றால் 4,000 கழிந்து 46,000தான் கைக்கு வரும். அவர்களின் 12 சதவீதத்தை உங்கள் சம்பளத்தில் வெட்டக் கூடாது. வெட்டுவோம் என்று சொல்கிற இடமென்றால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.