செக்கோஸ்லோவாக்கிய ஓநாய் நாயைப் பழக்குவது எப்படி?

1955இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஜெர்மன் ஷெப்பர்ட் நாயையும் கார்பாத்திய மலைப்பகுதி ஓநாயையும் இணை சேர்க்கும் சோதனை தொடங்கியது. 1958 மே மாதம் பிரிட்டா என்ற பெண் ஓநாய் முதல் குட்டிகளை ஈன்றது. எல்லைக் காவல் வேலைக்கு வந்த இந்த இனம், பார்வைக்கு அச்சு அசல் ஓநாய்தான். ஆண் நாய் குறைந்தது 65 செ.மீ. உயரம் இருக்கும். நாய் வளர்த்தே பழக்கமில்லாதவர்கள் இதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்களா? சரி, இந்த வரிசையில் போங்கள்.

படி 1: குட்டி வருவதற்கு முன்பே ஆறடிக்கும் அதிக உயரமாக வேலி போடுங்கள். கம்பிவலையின் அடியை மண்ணுக்குள் புதையுங்கள், இல்லாவிட்டால் தோண்டிவிடும். தாழ்ப்பாளை நீங்கள் திறப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். அப்புறம் மூக்கால் தள்ளிப் பார்க்கும், பாதத்தால் அழுத்தும், பல்லால் இழுக்கும். பூட்டு கட்டாயம்.

படி 2: தனியாக இருக்கப் பழக்குங்கள். இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். கூட்டமாக வாழும் ஓநாயின் ரத்தம் அதற்குள் ஓடுகிறது, தனிமை அதற்குப் பெரிய வேதனை. அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே பத்து விநாடி நில்லுங்கள். அது முனகுவதற்கு முன்பே, கொஞ்சாமல், சாதாரணமாக உள்ளே வாருங்கள். அடுத்து அரை நிமிடம், பிறகு இரண்டு நிமிடம். முனகினால் நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். முந்தைய அளவுக்கே திரும்புங்கள். வாரக்கணக்கில் ஆகும். பகல் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு, தயவுசெய்து இந்த நாய் வேண்டாம்.

படி 3: சின்ன வயதிலேயே புது ஆட்கள், குழந்தைகள், வண்டிச் சத்தம் எல்லாம் பழகட்டும். பயந்து பின்வாங்கினால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். எட்ட நின்று பார்க்க விடுங்கள்.

படி 4: பயிற்சி ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். 'உட்கார்' என்று மூன்றாவது முறை சொல்லும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது திமிர் அல்ல, செய்ததையே செய்வதற்குக் காரணம் கேட்கிறது. இறைச்சித் துண்டைக் காட்டுங்கள், விளையாட்டை மாற்றுங்கள். அடித்தால் உங்கள்மேல் உள்ள நம்பிக்கை போய்விடும். பெரும்பாலும் குரைக்காது. அதனால் காதையும் வாலையும் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

படி 5: கூப்பிட்டதும் வருகிறதே என்று வெட்டவெளியில் அவிழ்த்துவிடாதீர்கள். ஒரு முயல் ஓடினால் உங்கள் குரல் அதன் காதில் விழாது. மார்புப் பட்டையில் பத்து மீட்டர் கயிற்றைக் கட்டித் தரையில் இழுபட விடுங்கள். ஓடத் தொடங்கும்போது கயிற்றைக் கையால் பிடித்தால் உள்ளங்கை கிழியும். கயிற்று நுனியைக் காலால் மிதியுங்கள்.