மழையே இல்லை, வைப்பர் மட்டும் ஓடுகிறதா?
மின்சார காரில் ஆட்டோ வைப்பர் காரணமில்லாமல் ஓடினால், சர்வீஸுக்கு விடும் முன் ரியர்வியூ கண்ணாடிக்கு நேராக முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். மழை சென்சார் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது கண்ணாடிக்குள் அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வருவது குறைந்தால் மழை என்று எடுத்துக்கொள்ளும். குளச்சல், முட்டம் பக்கம் கடற்காற்றில் படிகிற உப்பு, ஈரத்தோடு சேர்ந்து அதே மாதிரி ஏமாற்றிவிடும். சில கார்களில் சென்சாருக்குப் பதில் கேமரா. அதற்கும் இதே வைத்தியம்தான். உலர்ந்த துணி மட்டும் வேண்டாம், மணல் கீறிவிடும். அப்புறம், கழுவும்போது ஆட்டோ வைப்பரை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வைப்பர் கையில் அடிக்கும்.

முன்கண்ணாடி மாற்றிய பிறகு தொடங்கிய கோளாறு என்றால் இது உதவாது. சென்சார் சரியாக ஒட்டாமல் நடுவே காற்றுக்குமிழ் இருக்கலாம். மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.