தண்ணீர் ஏறும்போது தேவனிடத்தில் ஒதுங்குவது எப்படி

நான் வடசென்னை எர்ணாவூரில் பிளவுஸ் தைக்கிறவள். வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். போனால் எட்டு நாள், பத்து நாள் ஆகும் திரும்பி வர. ஆக, பயப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. 'கர்த்தரை அடைக்கலமாக்கிக்கொள்' என்று ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டு வளர்ந்தேன். அதை எப்படிச் செய்வது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. எனக்குப் பிடிபட்ட வரைக்கும் எழுதுகிறேன்.

முதல் வேலையை வெயில் காலத்திலேயே முடித்துவிட வேண்டும். பைபிளில் சங்கீதம் என்கிற ஜெபப் பாட்டுகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றை முழுசாக மனப்பாடம் செய்யுங்கள். பயம் வந்த பிறகு பைபிளைப் புரட்டினால் கண் வரிமேல் ஓடும், மனசு எங்கேயோ இருக்கும். நிறைய பேர் 'பொல்லாப்பு உனக்கு நேரிடாது' என்று சொல்கிற 91-ஐ எடுப்பார்கள். நான் 46-ஐத்தான் சொல்வேன். மொத்தம் 11 வசனம். ஏழாவதும் பதினொன்றாவதும் ஒரே வசனம் என்பதால் பத்து படித்தால் போதும்.

நான் படித்தது இப்படி. வசனத்தைத் துண்டுத் தாளில் எழுதி மெஷினுக்கு நேரே சுவரில் ஒட்டினேன். ஒரு பிளவுசுக்கு ஒரு வசனம். தோள் இணைக்கும்போது ஒரு தடவை, கை ஏற்றும்போது ஒரு தடவை, கடைசியில் ஊக்கு கட்டும்போது தாளைப் பார்க்காமல் ஒரு தடவை. ஊக்கு கட்டுவது கைவேலை, மெஷின் சத்தம் இருக்காது. அப்போது தடுமாறாமல் வந்துவிட்டால் வசனம் உள்ளே இறங்கிவிட்டது. வரவில்லையா, அடுத்த பிளவுசுக்கும் அதே வசனம்தான். தைக்கத் தெரியாதவர்கள் பூண்டு உரிக்கும்போது படிக்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டீர்கள் என்றால் ஒரே நாளில் முழுச் சங்கீதமும் முடிந்துவிடும்.

46 ஏன் என்றால், தண்ணீர் வராது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. 'பூமி நிலைமாறினாலும், மலைகள் நடுச்சமுத்திரத்தில் சாய்ந்துபோனாலும்' என்று போகும். அந்த 'லும்' வரும் இடத்தையெல்லாம் கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பாருங்கள்.

2023 டிசம்பர் 3, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றைக்கு ஆரம்பித்த மிக்ஜாம் புயல் மழை மறுநாளும் விடவில்லை. திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். நான் உட்கார்ந்து சங்கீதம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ரேஷன் கார்டு, ஆதார், அத்தையின் சுகர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு மாடி வீட்டில் கொடுத்தேன். மெஷின் தலையை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு படி ஏறினேன். வாய் மட்டும் தன்பாட்டுக்கு 'தேவன் நமக்கு அடைக்கலமும் பெலனும்' என்று ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் ஆர்டர் பை கட்டிலுக்கு அடியிலேயே நின்றுவிட்டது. மூன்று நான்கு நாளில் அந்தத் தண்ணீரிலேயே கறுப்பாக எண்ணெய் மிதந்து வந்தது. பையில் 14 பிளவுஸ். மண்ணெண்ணெயில் அலசியும் கறை போகவில்லை.

மாடிக்கு ஓடினது விசுவாசக் குறைவு என்று நினைக்கிறவர்கள் உண்டு. அவர்கள் தாவீதைப் பார்க்கட்டும். சவுல் ராஜா ஈட்டியை எறிந்தபோது அவன் விலகிக்கொண்டான். வீட்டைச் சுற்றி ஆள் வைத்தபோது மனைவி மீகாள் அவனை ஜன்னல் வழியாக இறக்கிவிட்டாள். அந்த இரவைப் பற்றியதுதான் 59-ம் சங்கீதம், அதன் தலைப்பிலேயே இருக்கிறது. 'தேவனே எனக்கு உயர்ந்த அடைக்கலம்' என்று பாடினவன், அதற்கு முன்னால் ஜன்னல் வழியாக இறங்கினவன்.

இதை நான் இழுத்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அளவு கொடுக்க வருகிற பெண்களின் முதுகை நான் பார்க்கிறேன். டேப் வைக்கும்போதே சுளித்துக்கொள்கிற முதுகுகள். 'ஜெபம் பண்ணு, பொறுத்துக்கோ' என்று அவர்களுக்குச் சபையிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். கண்ணு, அடிக்கிற வீட்டிலிருந்து முதலில் வெளியே வா. 181, பெண்கள் உதவி எண், அதற்குப் போன் செய். யோசேப்பு பிள்ளை இயேசுவையும் தாய் மரியாளையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ராத்திரியில்தான் புறப்பட்டான், விடியட்டும் என்று காத்திருக்கவில்லை. ஜெபத்தை வழியில் பண்ணிக்கொள்ளலாம்.

அடுத்தது, பயத்துக்குப் பெயர் வைத்துச் சொல்லுங்கள். 'ஆண்டவரே, எல்லாப் போராட்டத்திலும் துணையாயிரும்' என்று பொதுவாகச் சொன்னால் அந்த ஜெபம் நமக்கே காதில் விழாது. ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகு கரையில் நிற்கும், குழுக் கடன் மட்டும் வாரா வாரம் வீட்டு வாசலுக்கு வரும். அப்போது நான் சொல்வது: 'ஆண்டவரே, செவ்வாய்க்கிழமை 1,200 ரூபாய் கட்டணும், கையில் 400 இருக்கு, அந்தப் பையன் வாசலில் நின்று சத்தம் போடுவான், எனக்கு அவமானமாக இருக்கிறது.' மரியாதைக் குறைவு என்று யோசிக்காதீர்கள். மாற்கு நாலாம் அதிகாரத்தில் இயேசு படகில் தூங்குகிறார், சீஷர்கள் எழுப்பி, நாங்கள் சாகிறதைப் பற்றி உமக்குக் கவலை இல்லையா என்று கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரருக்குப் பிடித்த இடம் அது, படகில் அப்படித்தான் பேசுவார்களாம். இயேசு முதலில் காற்றை அடக்கினார். ஏன் பயந்தீர்கள் என்று அதற்கு அப்புறம்தான் கேட்டார்.

வசனத்தைத் தாயத்து ஆக்காதீர்கள். 91-ம் சங்கீத ஸ்டிக்கர் எங்கள் கதவிலும் இருந்தது, தண்ணீர் அதற்குக் கீழே நுழைந்து வந்தது. 'சிஸ்டர், எங்கேயோ ஒரு குறை இருக்கு, ஆராய்ந்து பாருங்க' என்று ஒருத்தர் துக்கம் விசாரித்தார். கோபம் வந்தது, பதில் வரவில்லை. பிறகுதான் மத்தேயு நாலாம் அதிகாரம் ஞாபகம் வந்தது. தேவாலயத்து உப்பரிகைமேல் இயேசுவை நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு எடுத்து நீட்டினது இந்த 91-ஐத்தான். இயேசு குதிக்கவில்லை. கடைசியில் சிலுவைக்குப் போனவரும் அவர்தான். அவரிடத்தில் ஒதுங்கினவர்கள் வீட்டில் தண்ணீரே வராது என்று நான் எதிர்பார்ப்பதில்லை.

தனியாக ஒதுங்க முடியாது, அதையும் சொல்ல வேண்டும். புயல் என்றால் காசிமேட்டில் படகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் கட்டிவிடுவார்கள், நடுவில் பழைய டயர் தொங்கும். கயிற்றைக் கொஞ்சம் தளர விட வேண்டுமாம். இறுக்கிக் கட்டினால் தண்ணீர் ஏறும்போது கயிறு அறுந்துவிடும். சபை ஆட்களும் உரசத்தான் உரசுவார்கள், டயர் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் அடித்தால் எடுக்கிற இரண்டு பேரை இப்போதே பார்த்து வையுங்கள். ஒருத்தர் ஜெபிக்கிறவராக இருக்கட்டும், இன்னொருத்தர் ஆட்டோ வைத்திருப்பவராக இருந்தால் நல்லது. எனக்கு மாடி வீட்டு அக்கா. அவர் மேல்மருவத்தூருக்கு மாலை போடுகிறவர், என் மெஷின் தலை ஒன்பது நாள் அவர் பூஜை அறைக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

தண்ணீர் வடிந்து கீழே வந்தபோது சுவரில் அந்தத் தாள் ஒட்டினபடியே இருந்தது. ஜெல் பேனாவில் எழுதியிருந்தேன், தெறித்த தண்ணீரில் எழுத்தெல்லாம் கரைந்து நீலத் திட்டாக இருந்தது. அதன் முன்னால் நின்று பதினொரு வசனத்தையும் சொல்லிப் பார்த்தேன். ஒன்பதாவதில் மட்டும் தடுமாறினேன்.

நீங்கள் எழுதும்போது பென்சிலில் எழுதுங்கள்.