ஜப்பானிய ஆர்பிஜி, மேற்கத்திய ஆர்பிஜி: ஆடிப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது எப்படி?

எந்த நாட்டில் தயாரானது என்று பார்த்து ஆர்பிஜிகளை, அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஆடும் வீடியோ கேம்களை, பிரித்தால் சீக்கிரமே குழம்பிப்போவீர்கள். டார்க் சோல்ஸ் ஜப்பானில் செய்தது. ஆனால் நாயகனின் முகம் முதல் ஆயுதம் வரை நம் விருப்பம். சீ ஆஃப் ஸ்டார்ஸ் கனடாவில் செய்தது. ஆடினால் 1995இல் வந்த குரோனோ டிரிகர் ஞாபகம் வரும். கேட்க வேண்டியது ஒன்றுதான்: நாயகன் கதை எழுதியவருக்குச் சொந்தமா, ஆடுகிறவருக்குச் சொந்தமா? முதலாவது ஜப்பானிய பாணி, இரண்டாவது மேற்கத்திய பாணி.

முதலில் இரண்டு விளையாட்டுகளைத் தயார் செய்யுங்கள். ஜப்பானிய பாணிக்கு டிராகன் குவெஸ்ட் 11 எஸ்; அதன் டெமோ, கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில் இலவசம். பிறகு முழு விளையாட்டை வாங்கினால் சேவ் அப்படியே தொடரும். மற்றது, மேற்கத்திய பாணிக்கு, பால்டர்ஸ் கேட் 3. அதற்கு 150 ஜிபி இடம் வேண்டும். சிங்கப்பூரில் அது எம்18 (18 வயதானவர்களுக்கு மட்டும்), அதனால் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டாம். இங்கே விளையாட்டுகளுக்கு முறையான வயது வகைப்பாடு 2008இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மாஸ் எஃபெக்ட் முதலில் தடை செய்யப்பட்டு, பிறகு எம்18 என்று அனுமதிக்கப்பட்டது. மேற்கத்திய ஆர்பிஜியில் யாரைக் காதலிப்பது என்பதும் ஆடுபவர் கையில் இருப்பதால் வந்த விவகாரம் அது.

அடுத்து டிராகன் குவெஸ்ட். பெயர் மட்டும் நீங்கள் வைக்கலாம். முகம், ஊர், விதி எல்லாம் ஏற்கெனவே முடிவானவை. யாராவது ‘ஆமா, இல்லையா’ என்று கேட்டால் வேண்டுமென்றே ‘இல்லை’ சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் அதே கேள்வி திரும்ப வரும். 1986இல் வந்த முதல் டிராகன் குவெஸ்டிலேயே இளவரசி நாம் ‘சரி’ என்று சொல்லும் வரை விடமாட்டாள். இதைக் குறையாக எண்ண வேண்டாம். கதை கை நழுவாமல் இருப்பதால்தான் அதன் உணர்ச்சி இவ்வளவு ஆழமாகப் பதிகிறது.

எரிக் என்னும் தோழன் உங்களோடு சேர்ந்ததும் அவன் தானாகவே சண்டை போடுவான். புதியவர்கள் கோளாறு என்று நினைப்பது இதைத்தான். டாக்டிக்ஸ் பகுதியில் ‘ஃபாலோ ஆர்டர்ஸ்’ என்று மாற்றுங்கள். வழியில் வரும் அரக்கர்களை எல்லாம் தவிர்த்து ஓடினால் லெவல் ஏறாது, பெரிய எதிரியிடம் அடி வாங்குவீர்கள்.

இப்போது பால்டர்ஸ் கேட். நாயகனை உருவாக்கும் நேரமும் ஸ்டீம் கணக்கில் சேரும். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால்தான் பணம் திரும்பக் கேட்கலாம் என்பதால், முகத்தைச் செதுக்குவதில் ஒரு மணி நேரம் போக்கிவிடாதீர்கள். கதை தொடங்கும் கப்பலில் ஷேடோஹார்ட் என்னும் பெண் ஒரு கூண்டுக்குள் அடைபட்டிருப்பாள். அங்கே எஃப்5 அழுத்திச் சேவ் செய்யுங்கள். ஒரு தடவை விடுவியுங்கள். எஃப்8 அழுத்தித் திரும்பி வந்து, இந்தத் தடவை விட்டுவிட்டுப் போங்கள். இரண்டையும் விளையாட்டு ஏற்றுக்கொள்ளும்.

இந்த விளையாட்டில் பல முயற்சிகளின் பலனைப் பகடைதான் முடிவு செய்யும். ஆனால் அது சாதகமாக விழாத ஒவ்வொரு தடவையும் எஃப்8 அழுத்துவது பெரிய தப்பு. தோல்வியும் இங்கே ஒரு வழி. பல நல்ல காட்சிகள் அதன் பின்னால்தான் இருக்கின்றன.

இரண்டுக்கும் ஒரே கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: நீங்கள் எடுத்த முடிவால் எது மாறியது? யார் அதை நினைவில் வைத்திருந்தார்கள்? கிராஃபிக்ஸை இதில் சேர்க்காதீர்கள். பிறகு அதே கேள்விகளோடு பெர்சோனா 5 என்னும் ஜப்பானிய ஆர்பிஜியை ஆடுங்கள். நாளை எப்படிச் செலவிடுவது, யாரோடு பழகுவது என்பதை நீங்கள் முடிவு செய்வீர்கள்; கதை எங்கே போக வேண்டும் என்பதை நாட்காட்டி முடிவு செய்யும்.