கோடைக் கடைசி வானிலை அறிக்கை: பொதுமக்களும் விமானிகளும் தவறாகப் படிக்கும் இடங்கள்

"மழை வரும் என்றார்கள், ஒரு சொட்டுகூட விழவில்லை." இப்படி அலுத்துக்கொள்பவரிடம் அறிக்கையை மறுபடி வாசித்துக் காட்டச் சொன்னால், பெரும்பாலும் அதில் வேறு ஏதோ இருக்கும். எந்த இடத்துக்கு, எந்த நேரத்துக்கு, எத்தனை சதவீதம் என்ற மூன்றையும் விட்டுவிட்டு 'மழை' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருப்பார். விமானிகளும் இதே தவறைச் செய்கிறார்கள். அங்கே விலை கூடுதல்.

கோடை முடியும் தறுவாயில் இது இன்னும் முக்கியம். வெயில் உச்சம் தாண்டிவிட்டது, இனிக் கவலையில்லை என்ற எண்ணம் பலருக்கு உண்டு. வடகோளத்தில் பகல் மிக நீண்டிருப்பது ஜூன் 21 வாக்கில். ஆனால் நிலம் சூடேறி உச்சத்தைத் தொட அதற்கப்புறம் பல வாரங்கள் ஆகும். கடல் அதைவிட மெதுவாகச் சூடேறி, அதைவிட மெதுவாக ஆறும். அட்லாண்டிக் புயல் பருவம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி உச்சத்துக்கு வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெப்பமும் ஈரமும் ஒன்றாகக் கிடைக்கும் நாட்கள் இவை. இடிமழைக்கு வேறென்ன வேண்டும்?

முதலில் பருவகால முன்னோட்டம். "வழக்கத்தைவிட அதிக வெப்பத்துக்கு 40 சதவீத வாய்ப்பு" என்று வந்தால், ஒருவர் அடுப்பில் விழப்போவதாகப் பயப்படுகிறார். இன்னொருவர் பாதிகூட இல்லையே என்று தள்ளிவிடுகிறார். இரண்டுமே தவறு. 'வழக்கம்' என்பது 30 ஆண்டுக் கணக்கு, இப்போது பெரும்பாலும் 1991 முதல் 2020 வரை. அந்த ஆண்டுகளை வெப்பம் மிகுந்தவை, நடுத்தரமானவை, குறைந்தவை என்று மூன்று சம பங்காகப் பிரிப்பார்கள். எந்தத் தகவலும் இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் 33 சதவீதம். 40 என்றால் தராசு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதுவும் மொத்தப் பருவத்தின் சராசரிக்கு. நீங்கள் பயணம் போகும் நாளைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

தினசரி அறிக்கையில் வரும் "30 சதவீத மழை வாய்ப்பு" வேறு கதை. பகுதியின் 30 சதவீத இடத்தில் மழை என்றும், நாளின் 30 சதவீத நேரம் மழை என்றும் பலர் நினைக்கிறார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் நீங்கள் இருக்கும் இடத்தில் மழை விழ எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் அந்த எண். அப்படிச் சொன்ன பத்து நாட்களில் ஏறக்குறைய மூன்று நாள் நனைந்தால் கணிப்பு சரியாகவே இருந்திருக்கிறது. மழை பெய்தால் எவ்வளவு பலமாகப் பெய்யும் என்பதை அந்த எண் சொல்லாது. கோடைக் கடைசியின் 30 சதவீதம் அரை மணியில் தெருவை ஆறாக்கிவிடும்.

வெப்பநிலையிலும் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. அறிக்கையில் வரும் அளவு நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் எடுத்தது. 32 டிகிரி வெப்பத்தோடு 70 சதவீத ஈரப்பதம் சேர்ந்தால் உடல் உணர்வது 41 டிகிரி அளவுக்குப் போகும். அதுவும் நிழலுக்கான கணக்குதான். நேர் வெயிலில் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம். வெளியில் வேலை செய்பவர்களை அனுப்பும்போது இந்த வித்தியாசத்தைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள்.

இடி விஷயத்தில் மழைக்காகக் காத்திருக்காதீர்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கும். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே நீங்கள் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மைதானத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு "மழை வரட்டும், போகலாம்" என்று நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும்.

இனி விமானிகள். விமான நிலைய முன்னறிவிப்பான டாஃப், அந்த நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்கு மட்டும்தான். புறப்படும் இடமும் இறங்கும் இடமும் சுத்தமாக இருக்கின்றன என்பதால் இடையில் உள்ள 200 கிலோமீட்டரும் சுத்தம் என்று ஆகிவிடாது. இதைவிட ஆழமான தவறு ஒன்று உண்டு. சர்வதேச விதிப்படி, 30 சதவீதத்துக்குக் குறைந்த வாய்ப்பை டாஃபில் குறிப்பிடுவதில்லை. ஆகவே இடிமழை பற்றி ஒரு வரியும் இல்லை என்றால், வாய்ப்பு 30-க்குக் கீழே என்றுதான் அர்த்தம். 25 சதவீதமாகவும் இருக்கலாம். நாலில் ஒரு பங்கு ஆபத்தை யாராவது தெரிந்தே ஏற்பார்களா? ஏற்றுக்கொண்டுதான் பலர் கிளம்புகிறார்கள், தெரியாமல். அப்புறம், டாஃபில் எல்லா நேரமும் யூ.டி.சி.-யில், அதாவது உள்ளூர் நேரத்தில் அல்லாமல் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மதியத்து இடிமழையை இரவுக்கு என்று எண்ணிக்கொள்வதற்கு அந்தச் சில மணி நேர வித்தியாசம் போதும்.

சூடான காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் வெயில் விமானத்தின் பலத்தையே தின்றுவிடும் என்பதை அறிக்கை நேரடியாகச் சொல்லாது. கணக்கு நாம்தான் போட வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 3,000 அடி உயரத்தில் ஒரு ஓடுதளம், அழுத்தம் இயல்பானது என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரத்துக்கான தர வெப்பநிலை, அதாவது விமானக் கணக்கில் இயல்பு என்று வைத்துக்கொள்ளும் அளவு, 9 டிகிரி. பிற்பகலில் 35 டிகிரி என்றால் 26 டிகிரி கூடுதல். ஒரு டிகிரிக்கு 120 அடி வீதம் சேர்த்தால் 3,120 அடி வருகிறது. ஆக, ஓடுதளத்தின் 3,000 அடியோடு இதையும் கூட்டினால், உங்கள் எஞ்சினும் இறக்கையும் 6,000 அடிக்கு மேல் இருப்பது போலத்தான் வேலை செய்யும். ஓட வேண்டிய தூரம் நீளும், ஏறும் வேகம் குறையும். ஈரம் இருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் நீராவி காற்றைவிட லேசானது. காலையில் நாலு பேரோடு சுலபமாக எழும்பிய அதே விமானம், மதியம் ஓடுதளத்தின் கடைசியில் மரங்களைப் பார்த்துக்கொண்டே திணறும். எடையைக் குறையுங்கள், இல்லாவிட்டால் விடியற்காலையில் கிளம்புங்கள்.

"முன்னால் போனவர் இறங்கிவிட்டார், நமக்கென்ன?" இந்த நினைப்பு மிக ஆபத்தானது. 1985 ஆகஸ்ட் 2 அன்று டெல்டா 191 விமானம் டல்லாஸ் ஃபோர்ட் வொர்த்தில் இறங்க வந்தபோது, அதற்கு முன்னால் போன சிறு ஜெட் விமானம் அதே மழைக்குள் புகுந்து தரையிறங்கியிருந்தது. சில நிமிட இடைவெளிதான். இடிமேகத்திலிருந்து கொட்டிய கீழ்நோக்கிய காற்று டெல்டா விமானத்துக்கு முதலில் எதிர்க்காற்றாக வந்து வேகத்தைக் கூட்டியது, பிறகு கீழே அழுத்தியது, கடைசியில் பின்காற்றாக மாறி வேகத்தைப் பறித்தது. 137 பேர் இறந்தார்கள். இத்தகைய காற்று 4 கிலோமீட்டருக்கும் குறைந்த அகலத்தில் பிறந்து, பெரும்பாலும் 5 முதல் 15 நிமிடத்தில் அடங்கிவிடும். எந்த டாஃபும் அதை முன்கூட்டியே இடம் குறித்துச் சொல்ல முடியாது. மழைத்தாரை தரையைத் தொடாமல் நடுவானில் ஆவியாகிப்போவதைக் கண்டால், அதன் அடியிலும் இதே காற்று இருக்கலாம். கடுமையான இடிமேகத்திலிருந்து 20 கடல் மைல் விலகி இருங்கள்.

காக்பிட் திரையில் வரும் ரேடார் படத்தை வைத்து மேகங்களுக்கு இடையே சந்து தேடுவதும் அப்படித்தான். "5 நிமிடம் முன்பு" என்று காட்டினாலும், உள்ளே இருக்கும் தகவல் சில சமயம் 15, 20 நிமிடம் பழையதாக இருக்கும். அதற்குள் சந்து மூடியிருக்கும்.

கோடைக் கடைசியில் இரவு நீளத் தொடங்குவதால் விடியற்காலை மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றின் ஈரம் நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) இடையே 2, 3 டிகிரிதான் வித்தியாசம், காற்றும் அடங்கியிருக்கிறது என்றால், வெயிலுக்குப் பயந்து விடியலில் கிளம்பத் திட்டமிட்டவர் இறங்க ஒரு மாற்று விமான நிலையத்தையும் அதற்கான எரிபொருளையும் முந்தின இரவே முடிவு செய்துகொள்வது நல்லது.

புயல் வரைபடத்தின் கூம்பு பற்றி ஒரு வார்த்தை. அது புயலின் அகலத்தைக் காட்டுவதில்லை. புயல் மையம் போகக்கூடிய பாதையைக் காட்டுகிறது. மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, மையம் அந்தக் கூம்பைத் தாண்டியும் போகலாம். மழையும் காற்றும் கோட்டுக்கு வெளியே வெகுதூரம் நீளும். ஊர் கோட்டுக்கு வெளியே இருக்கிறது என்று ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்காதீர்கள். ஒவ்வொரு புதிய வெளியீட்டிலும் கூம்பு நகரும், அதனால் படத்தின் மூலையில் இருக்கும் வெளியீட்டு நேரத்தை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கோட்டைப் பாருங்கள்.